ஊர்ப் பங்கு நான்கு காசு

எங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஆதரவற்ற பிள்ளைகளுக்கான இல்லம் ஒன்று இருக்கிறது. உள்ளே நுழைந்ததும் இடப்பக்கச் சுவரில் ஒரு கரும்பலகை. மாதத்தின் தேதிகளைக் கட்டம் கட்டமாகப் போட்டிருப்பார்கள். எந்த நாள் சாப்பாட்டுக்கு யார் பணம் கட்டியிருக்கிறார்களோ அவர்கள் பெயர் அந்தக் கட்டத்தில் இருக்கும். ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்தில் சில சமயம் மூன்று பெயர்கள். தீபாவளிக்கு ஆறு மாதத்துக்கு முன்பே யாரோ சொல்லி வைத்துவிடுவார்கள். செவ்வாயும் புதனும் பெரும்பாலும் வெறுமையாகக் கிடக்கும். ஆடி மாதம் இன்னும் மோசம். ஆடியில் யாரும் கல்யாணம் செய்வதில்லை. ஆகவே ஆடியில் யாருக்கும் கல்யாண நாளும் வருவதில்லை.

உறவினர் ஒருவரின் அறுபதாம் கல்யாணத்தை ஒட்டி நானும் ஒரு ஞாயிறு அங்கே போயிருந்தேன். பிரியாணி. பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பரிமாறி முடிந்த பிறகும் யாரும் கை வைக்கவில்லை. படம் எடுத்து முடியவில்லை என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஏழு வயதிருக்கும் ஒருவன் மட்டும் ஒற்றை விரலால் முட்டையை மெல்லத் தொட்டு, இன்னும் சூடு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டான்.

இதைக் கேலி செய்வதற்காகச் சொல்லவில்லை. அன்றைக்குச் சாப்பாடு நன்றாக இருந்தது. இல்லத்துக்கும் ஒரு வேளைச் செலவு மிச்சம். என்னைத் தொந்தரவு செய்தது அந்தப் பலகைதான். கொடுப்பவர்களின் நாட்காட்டி வேறாகவும் சாப்பிடுபவர்களின் நாட்காட்டி வேறாகவும் இருக்கின்றன. இரண்டையும் ஒன்றோடொன்று பொருத்தப் பார்த்த முயற்சியாகத்தான் தமிழ்நாட்டுப் பள்ளிச் சாப்பாட்டின் நூறாண்டுக் கதையை என்னால் படிக்க முடிகிறது.

கதை சென்னை ஆயிரம் விளக்கில் தொடங்குகிறது. 1920 செப்டம்பரில் பிட்டி தியாகராயர் தலைமையிலான மாநகராட்சி, அங்கிருந்த தன் பள்ளியின் பிள்ளைகளுக்கு மதியம் சிற்றுண்டி கொடுக்கத் தீர்மானித்தது. தலைக்கு ஓர் அணாவுக்கு மேல் போகக் கூடாது என்பது நிபந்தனை. பள்ளிக்கு வரும் பிள்ளைகளின் எண்ணிக்கை கூடியது. வேறு சில பள்ளிகளுக்கும் ஏற்பாடு பரவியது. 1925இல் அன்றைய அரசு தடை போட்டது. தொடக்கக் கல்விக்கான நிதியிலிருந்து சாப்பாட்டுச் செலவை எடுக்கக் கூடாது என்பதுதான் ஆட்சேபணை. சோறு கல்வியில் சேருமா சேராதா என்ற கணக்கு வழக்கில் பிள்ளைகளின் தட்டு காலியானது. சில ஆண்டுகள் கழித்து மீண்டும் தொடங்கியது. ஆனாலும் சென்னை நகரத்தை விட்டு அந்த ஏற்பாடு வெகுதூரம் போகவில்லை.

பசிக்குச் சோறிடுவது இந்த மண்ணுக்குப் புதிதில்லை என்பதை நிறுவ மணிமேகலையின் அமுதசுரபியை இழுத்து வருவது கட்டுரையாளர்களின் வழக்கம். காப்பியத்துப் பாத்திரத்துக்கு விறகுச் செலவு கிடையாது. அதனால் அதை விட்டுவிடுகிறேன். வடலூர் இன்னும் பொருத்தமான எடுத்துக்காட்டு. 1867 மே மாதம் வள்ளலார் அங்கே தருமச்சாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிகிறது. சுற்று வட்டாரத்து மக்கள் தரும் அரிசியும் பருப்பும்தான் அதற்கு ஆதாரம். வருகிறவர் யார், எந்தச் சாதி, நிஜமாகவே ஏழையா என்று அங்கே யாரும் கேட்பதில்லை. பட்டியல் போடாத அந்த வழக்கத்தைப் பிற்பாடு அரசு கற்றுக்கொள்ள ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

காமராஜர் 1954 ஏப்ரலில் முதலமைச்சரானார். மதிய உணவுத் திட்டம் அவருக்கு எப்படித் தோன்றியது என்பதற்கு ஒரு கதை உண்டு. வழியில் காரை நிறுத்தி, ஆடு மேய்க்கும் சிறுவனிடம் ஏன் பள்ளிக்கூடம் போகவில்லை என்று கேட்கிறார். போனால் சோறு யார் போடுவார் என்று பையன் திருப்பிக் கேட்கிறான். மேடைக்கு மேடை இந்தக் கதை வேறு வேறு ஊரில் நடப்பதால் எனக்கு அதன் மேல் சந்தேகம் உண்டு. ஆனால் கேள்வி பொய்யில்லை. கரிசல் காட்டு மானாவாரி ஊர்களில் எட்டு வயதுப் பிள்ளை ஆடு மேய்த்தால், பருத்தி எடுத்தால், பிற்காலத்தில் தீப்பெட்டி ஒட்டினால் தன் கஞ்சிக்குத் தானே சம்பாதித்துவிடும். பள்ளிக்கூடம் அந்தக் கஞ்சியோடுதான் போட்டி போட வேண்டியிருந்தது.

திட்டத்தை ஊர் ஊராகக் கொண்டுபோனவர் அன்றைய பொதுக் கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு. அரசிடம் பணம் இல்லை; விதிப்புத்தகத்தில் இடமும் இல்லை. ஆகவே ஊர்களிடமே போய்க் கேட்பது என்று முடிவாயிற்று. 1956இல் எட்டயபுரத்தில் பொதுமக்கள் கொடுத்த தானியத்திலும் பணத்திலும் பள்ளிச் சாப்பாடு தொடங்கியது. வட்டாரம் வட்டாரமாகப் பிற ஊர்களும் சேர்ந்துகொண்டன. அரசாங்கம் பின்னால்தான் வந்தது. 1957 நவம்பரிலிருந்து அரசு தன் பங்கைத் தரத் தொடங்கியது. ஒரு சாப்பாட்டுக்குப் பத்துக் காசு. அதில் ஆறு காசு அரசு தரும்; நான்கு காசு ஊர் தர வேண்டும். ஆண்டுக்கு 200 நாள்.

இந்த நான்கு காசைக் கொஞ்சம் கிட்டத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். முப்பது பிள்ளைகள் சாப்பிடும் ஒரு பள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு ஊர்ப் பங்கு ஒரு ரூபாய் இருபது காசு. ஆண்டுக்கு 240 ரூபாய். இன்றைக்கு அது ஒரு தட்டுப் பிரியாணி. அன்றைய சிற்றூரில் அது சிறிய தொகை இல்லை. அதை யார் தந்தார்கள்? பணக்காரர் ஒருவர் மொத்தமாகத் தந்த ஊர்கள் உண்டு. அறுவடையில் களத்து மேட்டிலேயே மரக்கால் கணக்கில் தானியம் அளந்து கொடுத்த ஊர்கள் உண்டு. காய்கறி, விறகு, பாத்திரம் என்று கையில் இருந்ததைத் தந்தவர்கள் உண்டு. உலையில் போடும் அரிசியிலிருந்து தினமும் ஒரு பிடியை எடுத்துத் தனிப் பானையில் போட்டு வைக்கும் பிடியரிசி வழக்கம் தெரிந்த மக்களுக்கு இப்படிச் சேர்ப்பதில் புதிதாகக் கற்றுக்கொள்ள எதுவும் இருக்கவில்லை.

சாப்பாட்டில் தொடங்கியது பள்ளிக் கட்டடத்துக்கும் பரவியது. பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் என்று வட்டாரந்தோறும் நடத்தினார்கள். இந்தப் பள்ளிக்குக் கரும்பலகை, இதற்குக் கடிகாரம், இதற்குத் தண்ணீர்ப் பானை, இதற்கு ஓட்டுக் கூரை என்று தேவைப் பட்டியல் முதலில் தயாராகும். ஊரார் ஆளுக்கொன்றாக ஏற்றுக்கொள்வார்கள். பெரும் மேடை, மாலை, மந்திரி எல்லாம் உண்டு. மேடைப் பேச்சு முடிந்த பிறகும் அந்தக் கடிகாரம் பள்ளிச் சுவரில் தொங்கியது. ஏழைப் பிள்ளைகளுக்குச் சீருடை தரும் பழக்கமும் இந்த மாநாடுகளின் வழியாகவே பரவியது. சுந்தரவடிவேலுவின் தன்வரலாறான ‘நினைவு அலைகள்’ படித்தவர்களுக்கு அந்தக் காலத்தின் உற்சாகம் தெரியும். சோறு போட்ட ஊருக்குப் பள்ளிக்கூடத்தின் மேல் ஓர் உரிமை வந்தது. வாத்தியார் வராவிட்டால் கேள்வி கேட்க ஆள் இருந்தது. அதன் பிறகு வந்த எந்தத் திட்டத்திலும் அந்த உரிமை உணர்வு அந்த அளவுக்கு வரவில்லை என்பது என் எண்ணம்.

இருந்தாலும் அந்த ஏற்பாட்டின் அடித்தளத்தில் ஒரு விரிசல் இருந்தது. மழை பெய்து விளைந்த வருடத்தில் ஊர் தாராளமாகக் கொடுக்கும்; அந்த வருடத்தில் பிள்ளையின் வீட்டிலும் கஞ்சி இருக்கும். மழை பொய்த்த வருடத்தில் பிள்ளை வெறும் வயிற்றோடு வரும்; அந்த வருடத்தில் கொடுத்தவர் வீட்டுக் குதிரும் காலி. ஒரே வானத்தைப் பார்த்துப் பிழைக்கிறவர்கள் ஒருவருக்கொருவர் காப்பீடு ஆக முடியாது. பணக்கார ஊரும் ஏழை ஊரும் ஒரே நான்கு காசைத் தர வேண்டியிருந்ததையும் சேர்த்துப் பாருங்கள். உதவி மிக அதிகமாகத் தேவைப்பட்ட ஊருக்கே அந்தப் பங்கு மிகப் பெரிய சுமை. 1961இலிருந்து அமெரிக்காவின் கேர் நிறுவனம் பால் பவுடரும் எண்ணெயும் மாவும் அனுப்பியதால் சுமை கொஞ்சம் குறைந்தது. அந்தக் காலத்தில் படித்த பெரியவர்களுக்குப் பால் பவுடரின் வாசனை இன்னும் மூக்கில் இருக்கும்.

இன்னொரு சங்கடம், அது ஏழைப் பிள்ளைகளுக்கான சாப்பாடு என்பது. வகுப்பில் யார் ஏழை என்று வாத்தியார் பெயர் குறிக்க வேண்டும். மணியடித்ததும் சிலர் தட்டை எடுத்துக்கொண்டு ஒரு பக்கம் போவார்கள். மற்றவர்கள் வீட்டுக்குப் போவார்கள். எண்பதுகளில் நான் படித்தபோதுகூட மஞ்சப்பையில் புத்தகத்துக்கு அடியில் தட்டை மறைத்துக் கொண்டுவந்த பிள்ளைகள் இருந்தார்கள். நடக்கும்போது அது சிலேட்டில் இடித்துச் சத்தம் போடும். எவ்வளவு மறைத்தாலும் சத்தத்தை மறைக்க முடியாது.

1982 ஜூலை 1 அன்று திருச்சிக்கு அருகே பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். இளமையில் கும்பகோணத்தில் தான் பட்ட பசியை அவர் பலமுறை பேசியிருக்கிறார். முதலில் கிராமப்புறங்களில் இரண்டு வயது முதல் ஒன்பது வயது வரை; அதே செப்டம்பரில் நகரங்கள்; 1984இல் பதினைந்து வயது வரை. திட்டக்குழு வட்டாரங்களிலும் ஆங்கிலப் பத்திரிகைகளிலும் இது வாக்குக்கான விளையாட்டு, கஜானாவைக் காலி செய்யும் காரியம் என்று பேசினார்கள். அரசியல் கணக்கு அதில் இல்லை என்று நானும் சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு காரியங்கள் ஒரே நாளில் நடந்துவிட்டன. நான்கு காசு ஊர்ப் பங்கு என்பது போய்ச் செலவு முழுக்க அரசின் தலையில் ஏறியது. வருகிற பிள்ளைகள் யாராயினும் சாப்பிடலாம் என்றானது. 1989இல் முட்டை வந்தது, முதலில் இரு வாரத்துக்கு ஒன்றாக. 2010இலிருந்து வாரத்துக்கு ஐந்து. முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம். 2001 நவம்பரில் உச்ச நீதிமன்றம், நாட்டின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும் சமைத்த உணவு தர வேண்டும் என்று ஆணையிட்டபோது தமிழ்நாட்டு அடுப்புகளுக்குக் கிட்டத்தட்ட இருபது வயது ஆகியிருந்தது.

மழையைப் பற்றிச் சொன்னேனே, அதற்குப் பிற்பாடு ஆதாரமும் வந்தது. ஆந்திரப் பிரதேசத்துப் பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த ஓர் ஆய்வை அபிஜீத் சிங், ஆல்பர்ட் பார்க், ஸ்டெஃபான் டெர்கான் மூவரும் 2014இல் வெளியிட்டார்கள். குழந்தைப் பருவத்தில் வறட்சியில் அடிபட்டு வளர்ச்சி குன்றிய பிள்ளைகள், பிறகு பள்ளியில் மதிய உணவு சாப்பிட்டபோது இழந்ததை ஈடுகட்டியிருக்கிறார்கள். வானம் பொய்த்தாலும் பொய்க்காத ஒரு பானை வேண்டும் என்பதைத்தான் அவர்கள் எண்களில் காட்டினார்கள். 2021இல் ‘நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்’ இதழில் வந்த இன்னோர் ஆய்வு ஒரு தலைமுறை தாண்டிப் பார்த்தது. பள்ளிச் சாப்பாடு நன்கு பரவியிருந்த பகுதிகளில் படித்து வளர்ந்த பெண்களுக்குப் பிறந்த குழந்தைகள், வயதுக்கேற்ற உயரத்தில் மற்றவர்களைவிட முன்னால் இருந்தார்கள். முட்டையின் சூட்டைத் தொட்டுப் பார்க்கும் வயதில் ஒரு சிறுமி சாப்பிட்டது, இருபது வருடம் கழித்து அவள் குழந்தையின் எலும்பில் தெரிகிறது.

ஊர்க் கருணையைப் பற்றிப் பேசும்போது நாம் வசதியாக விட்டுவிடும் ஒரு பக்கம் உண்டு. பங்கு கொடுத்த ஊருக்குக் கேள்வி கேட்கும் உரிமை வந்தது என்றேன். யார் சமைப்பது, யார் பக்கத்தில் யார் உட்காருவது என்ற கேள்விகளும் அதே வாயிலிருந்துதான் வரும். 2018இல் திருப்பூர் மாவட்டம் அவிநாசிக்கு அருகே திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில், அருந்ததியர் பெண் ஒருவர் சத்துணவு சமைக்கக் கூடாது என்று ஊரார் சிலர் பள்ளியை முற்றுகையிட்டார்கள். அதிகாரி அவரை இடமாற்றம் செய்தார். எதிர்ப்புக் கிளம்பிய பின் அந்த உத்தரவு ரத்தானது, வழக்கும் பதிவானது. 2023 செப்டம்பரில் உசிலம்பட்டி என்ற சிற்றூரின் தொடக்கப் பள்ளியில், பட்டியல் சாதிப் பெண் சமைத்தார் என்பதற்காகப் பிள்ளைகள் காலை உணவைத் தொடவில்லை என்று செய்தி வந்தது. ஊர்ப் பகை வேறு என்றும் சிலர் சொன்னார்கள். தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் கனிமொழி நேரில் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார். மதுரைப் பக்கத்து உசிலம்பட்டி இல்லை இது. தூத்துக்குடி மாவட்டத்தில், எட்டயபுரத்துக்குப் பக்கத்தில் இருப்பது. 1956இல் தானியம் அளந்து கொடுத்துத் தமிழ்நாட்டுக்கே வழி காட்டிய அதே வட்டாரம்.

இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போது, ‘சமூகத்தின் கருணை’ என்ற சொல்லை நான் கொஞ்சம் ஜாக்கிரதையாகவே பயன்படுத்துகிறேன். சமூகம் என்பது ஒரே ஆள் இல்லை. அரிசி கொடுத்த கையும் தட்டைத் தள்ளிய கையும் அதனுடையவைதான். அரசின் விதி ஒன்று இடையில் நிற்கும்போது மட்டுமே முதல் கை வெல்கிறது. சமையலர் யார் என்பதை ஊர் தீர்மானிக்க முடியாது என்ற நிலையை உண்டாக்கியது கருணையில்லை. ஓர் அரசாணையும் ஒரு சட்டமும்.

ஆணையாலும் சட்டத்தாலும் சோறு வேகாது என்பதும் உண்மை. ஒரு சத்துணவுக் கூடத்தின் காலையைப் பார்த்திருக்கிறீர்களா? ஒன்பதரை மணிக்கு வருகைப் பதிவேட்டிலிருந்து எண்ணிக்கை வரும். அமைப்பாளர் (பிள்ளைகளுக்கு அவர் சத்துணவு டீச்சர்) அரிசியை அளந்து கொடுப்பார். தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு 100 கிராம், நடுநிலைப் பள்ளிப் பிள்ளைக்கு 150 கிராம் என்பது மத்திய அரசின் அளவுகோல். சமையலர் கல் பொறுக்கி, உலை வைத்து, காய் நறுக்கி, பன்னிரண்டு மணிக்குள் இறக்க வேண்டும். பிள்ளைகளுக்குப் போடும் முன் ஆசிரியர் ஒருவர் சாப்பிட்டுப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். நான் பார்த்த ஒரு கூடத்தில் சமையலரம்மா சாம்பாரைக் கரண்டியால் தூக்கி ஊற்றிப் பார்த்து, “பருப்பு கீழே நின்னுடுச்சு” என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொரு தட்டுக்கும் அடியிலிருந்து துழாவி எடுத்து ஊற்றினார். கடைசி வரிசைப் பிள்ளைக்கும் பருப்பு போக வேண்டும் என்று எந்த ஆணையிலும் எழுதியிருக்காது.

1982இல் இந்த வேலைகளுக்குக் கணவனை இழந்த பெண்களுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் முன்னுரிமை தரப்பட்டது. அதுவே ஒரு பெரிய உதவி; பிள்ளைகளோடு சேர்த்து ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு அடுப்பெரிந்தது. ஆனால் அவர்களை முழு அரசு ஊழியர்களாக்க வேண்டும், முறையான காலமுறை ஊதியமும் ஓய்வூதியமும் தர வேண்டும் என்ற கோரிக்கை இன்றும் போராட்டப் பந்தலில்தான் இருக்கிறது. தமிழ்நாடாவது கூடுதலாகத் தருகிறது. மத்திய அரசு சமையல் உதவியாளருக்கு 2009இல் நிர்ணயித்த மதிப்பூதியம் மாதம் 1000 ரூபாய், அதுவும் ஆண்டுக்குப் பத்து மாதம் மட்டும். பிள்ளைகள் மேல் நாட்டுக்கு இருக்கும் பரிவில் ஒரு பகுதியை இந்தப் பெண்கள் தங்கள் சம்பளத்திலிருந்து கழித்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்றுதான் இதைச் சொல்ல வேண்டும்.

2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. முதலில் 1545 பள்ளிகள், 1,14,095 பிள்ளைகள். மறு ஆண்டு ஆகஸ்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தது. பிறகு உதவி பெறும் பள்ளிகளுக்கும். கிராமங்களில் சமைப்பவர்கள் மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள். அவர்கள் பிள்ளையும் அதே பள்ளியில் படிக்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். இதை வகுத்தவர் யாரோ, பிள்ளைகளையும் ஊரையும் நன்றாகத் தெரிந்தவர். தன் பிள்ளை சாப்பிடப் போகிற உப்புமாவில் யாரும் வண்டு மிதக்க விடமாட்டார்கள். பணம் அரசுடையது, உரிமை பிள்ளையுடையது, கை ஊருடையது. நான்கு காசின் நல்ல பாதியை மட்டும் மீட்டெடுக்க இதுவரை கண்ட வழிகளில் இதுதான் உருப்படியானது.

இதைப் படிக்கும் பலர் வருடத்துக்கு ஒருமுறையாவது எங்கோ பிள்ளைகளுக்குச் சோறு போடுகிறவர்களாகத்தான் இருப்பீர்கள். அதை நிறுத்த வேண்டாம். இல்லத்துக்குக் கொடுப்பதாக இருந்தால் ஒரு செவ்வாய்க்கிழமையைக் கேட்டு வாங்குங்கள். படம் எடுப்பதென்றால் பிள்ளைகள் கை கழுவிய பிறகு எடுங்கள். அதற்கு மேல் ஏதாவது செய்ய விருப்பமிருந்தால், வீட்டுக்குப் பக்கத்து அரசுப் பள்ளிக்கு ஒரு மதியம் போங்கள். கல்வி உரிமைச் சட்டப்படி அங்கே பள்ளி மேலாண்மைக் குழு இருக்கும். அதில் முக்கால் பங்கினர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். இந்தப் பள்ளிக்கு இப்போது என்ன தேவை என்று அவர்களிடம் கேளுங்கள். சாப்பாடு வேண்டும் என்று சொல்ல மாட்டார்கள், அது வந்துவிடுகிறது. தட்டுக் கழுவுகிற இடத்தில் குழாய் உடைந்து கிடக்கிறது என்பார்கள். அதைச் சரிசெய்து கொடுங்கள்.